மூக்கின் கீழே ஒரு விரல்

ஒரு ஈயைப் பற்றி நான் கால்மணி நேரம் விரிவுரை ஆற்றியிருக்கிறேன். அது எழும்பிப் பறந்துவிட்டதால்தான் நிறுத்த வேண்டி வந்தது.

நடந்தது பலெர்மோவில், கபோ சந்தைக்குப் பின்னால், மீன் கழுவிய தண்ணீர் வழிந்தோடும் ஒரு சந்தில் இருக்கிற சின்னத் தேவாலயத்தில். அங்கே பக்கத்துப் பீடமொன்றின் மேல் பலகையில் வரைந்த பழைய படம் ஒன்று உண்டு. மாதாவின் மடியில், வெள்ளைத் துணியின் மேல், குழந்தை இயேசு தூங்குகிறார். ஒரு கை மடியிலிருந்து வழுகித் தொங்குகிறது. மறுமலர்ச்சிக் காலத்துப் படம். வரைந்தவர் யாரென்று எந்தப் புத்தகமும் அக்கறைப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்குமுன் ஒரே ஒரு தடவை, அதுவும் மங்கிய வெளிச்சத்தில், அதைப் பார்த்திருந்தேன். விரிவுரை ஆற்றிய அன்று பார்த்தால் குழந்தையின் கன்னத்தில் ஒரு ஈ. இவ்வளவு முக்கியமான அடையாளத்தைப் போன தடவை கவனிக்காமல் விட்டேனே என்று என்னையே கடிந்துகொண்டேன்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திருந்த என் மனைவியின் உறவினர்கள் படத்தின் முன்னால் நின்றார்கள். நகருக்கு மேலே இருக்கிற புனிதையின் மலைக்கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள். சாப்பாட்டுக்கு நேரம் கிடந்ததால் என்னிடம் அகப்பட்டுவிட்டார்கள்.

ஓவியர் இந்த ஈயை ஏன் வரைந்தார் என்று கேட்டேன். நானே பதிலும் சொன்னேன். ஈ என்றால் அழுகல், சதை அழியும் என்பதன் அடையாளம். அந்தக் காலத்து ஓவியர்கள் எதையும் சும்மா வரைவதில்லை. தூங்கும் பிள்ளை என்று நாங்கள் நினைப்பது, பின்னொரு நாள் சிலுவையிலிருந்து இறக்கி இதே மடியில் கிடத்தப்படப் போகிற உடல். வெள்ளைத் துணி, பிணத்தைச் சுற்றும் துணி. மாதா உட்கார்ந்திருக்கும் கல்லு, கல்லறை. அவர் பிள்ளையைப் பார்க்காமல் எங்கேயோ பார்க்கிறாரே, ஏன்? அவருக்கு முடிவு தெரியும். இப்படிப் போய், "பிறந்த அன்றே சாவு வந்து கன்னத்தில் குந்திவிட்டது" என்று முத்தாய்ப்பு வைக்கிற இடத்துக்கு வந்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் என்னைக் கையால் விலத்திக்கொண்டு முன்னே வந்தார். கட்டை உருவம், தட்டைச் சப்பாத்து, தோளில் கறுப்புக் கைப்பை, நெற்றியில் மெல்லிய விபூதி. எட்டி, தன் சுட்டுவிரலைப் படத்துக் குழந்தையின் மூக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடித்தார். படத்தைத் தொடவில்லை. ஒரு நூல் இடைவெளி.

ஈ பறந்தது.

"இலையான் பறந்திட்டுது தம்பி," என்றார். "கொஞ்சம் மெல்லமாக் கதையும். பிள்ளை நித்திரை."

லண்டன் மச்சான் இதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் இருக்கிற எல்லா நாட்டுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் கலியாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள் வந்து என் கையைப் பிடித்து, ஈ சுகமா என்று விசாரிக்கிறார்கள்.

விரலை நீட்டிய அந்தப் பெண், உறவினர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி. பலெர்மோத் தமிழர் எல்லாருக்கும் அவர் அக்கா. வயதில் அவருக்கு மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருடத்துக்குக் கிட்ட லிபெர்த்தா பகுதியின் பணக்கார வீடுகளில் பிள்ளை பார்த்தவர். அதைப் பற்றி அவருக்கு அடக்கம் ஒன்றும் கிடையாது. "உந்த லிபெர்த்தாவிலை கோட்டுப் போட்டுத் திரியிற பாதிப்பேருக்குக் குண்டி கழுவினது நான்," என்பார். கைப்பையில் எப்போதும் ஒரு கரண்டி வைத்திருந்தார். யாருக்காவது ஊட்ட வேண்டி வரலாம் என்பது அவருடைய நியாயம்.

அந்த விரல்தான் அவருடைய வாழ்க்கை. எதிரே யாராவது தூங்கினால் அவருக்குச் சும்மா இருக்க முடியாது. மெல்லப் போய் மூக்கடியில் சுட்டுவிரலைப் பிடித்து, மூச்சு வந்து படுகிறதா என்று பார்ப்பார். பட்டதும் தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு வந்து தன் இடத்தில் இருப்பார். பிள்ளைகளுக்குச் செய்தால் சரி. பேருந்தில் தூங்குகிற கட்டிட வேலைக்காரனுக்கும் செய்தார். அவன் விழித்துக் கத்தியபோது, "ஓம், ஓம், உயிரோடைதான் இருக்கிறாய்," என்று தமிழில் சமாதானம் சொன்னார். ஒரு வீட்டில் எசமானி சினியோராவின் கணவர், பெரிய வழக்கறிஞர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் கண்ணயர்ந்திருக்கிறார். கண் விழித்தால் மூக்கடியில் வெங்காய மணத்தோடு ஒரு விரல். இந்தப் பெண்ணை இன்றைக்கே நிறுத்து என்று குதித்தாராம். சினியோரா மறுத்துவிட்டார். கலியாணம் கட்டிய நாள் முதல் தனக்கும் அதே சந்தேகம்தான், ஒருவராவது போய்ப் பார்த்தாரே என்றாராம்.

மலைக்குகைக் கோயிலில் இந்த நகரத்தைக் காக்கிற புனிதையின் சிலை படுத்த வாக்கில், பொன்னாடையோடு, கண்ணாடிக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம் சைவம் கிறிஸ்தவம் பாராமல் அங்கே ஏறும். அக்காவுக்கு அந்தக் கோயிலில் ஒரே ஒரு மனக்குறைதான். "கண்ணாடியாலை மூடி வைச்சிருக்கிறாங்கள். அந்தப் பிள்ளை எப்பிடியப்பா மூச்சு விடும்?"

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார். சினியோராவிடம் எங்கள் நாட்டில் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லியிருந்தார். என்னிடம் சொன்னது, சிறுமியாக இருந்தபோது தகப்பன் குடிவெறியில் விழுந்து கிடந்ததைச் செத்துவிட்டார் என்று நினைத்து ஒப்பாரி வைத்து அயலைக் கூட்டிவிட்டாராம். தகப்பன் எழும்பி, பக்கத்து வீட்டு அழுகை சரியில்லை என்று குறை சொன்னாராம். என் மனைவியிடம் சொன்னது வேறு. அதை மனைவி இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேலை செய்யும் வீடும் லிபெர்த்தாவில்தான். கலை வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியரின் வீடு. சுவர் முழுக்கப் புத்தகம். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன் ஒருவனிடம் தூசித் துணியைக் கொடுத்து அந்த அலுமாரிகளின் முன் நிறுத்தினால் என்ன நடக்கும்? தூசி அப்படியே இருக்கும். மறுமலர்ச்சி ஓவியம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படி நின்ற நிலையில் படித்தது. அதிலும் ஒரே ஒரு பகுதிதான் மனதில் நின்றது. எந்தப் படத்தில் சாவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது. மண்டையோடு, அணைந்த திரி, வெட்டிய பழம், குழந்தையின் கையில் இருக்கும் குருவி. காட்டினால் போதும், சாவைக் கண்டுபிடித்துத் தருவேன்.

காரணம் வீட்டில் இருந்தது. அதற்குமுன் இரண்டு தடவை நானும் மனைவியும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தோம். ஈ பறந்த அந்த நாட்களில் அவள் மறுபடியும் கர்ப்பம். யாருக்கும் சொல்லவில்லை. எங்களுக்குள்ளேயும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அவள் ஒரு சின்னச் சட்டைகூட வாங்கவில்லை. நான் தூங்கும் குழந்தை இயேசுகளைப் பற்றிப் படித்தேன். பயந்தவன் பயத்தைப் பற்றி நிறையப் படித்தால் அது அறிவு ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு.

இத்தாலியில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. மற்றவர்கள் நித்திரை கொள்வார்கள், ஊருக்குப் போன் எடுப்பார்கள். நான் தேவாலயங்களுக்குப் போவேன். ஈச் சம்பவத்துக்குப் பிறகு அக்காவும் என்னோடு வரத் தொடங்கினார். கலை ஆர்வம் ஒன்றும் இல்லை. உள்ளே குளிர்மையாக இருக்கும், கதிரைக்குக் காசு கேட்கமாட்டார்கள். உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, சொல்லும் பாப்பம், இந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்பார்.

நான் சொல்லுவேன். குழந்தையின் கழுத்தில் பவளமாலை, அது சிந்தப்போகும் இரத்தம். அவர் பார்த்துவிட்டு, பல்லு முளைக்கிறது, கடிக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்பார். குழந்தையின் கையில் இருக்கிற குருவியின் முகத்துச் சிவப்பு முள்முடியின் அடையாளம் என்பேன். "பிடிச்சிருக்கிற பிடியைப் பார்த்தால் குருவிக்குத்தான் சாவு," என்பார். வெள்ளைத் துணியா, ஈரமானால் மாற்றுவதற்கு. மாதா எதிர்காலத்தைப் பார்க்கிறாரா? இல்லை. கதவடியில் யாரோ செருப்புச் சத்தத்தோடு வருகிறார்கள், பிள்ளை எழும்பப் போகிறதே என்று பார்க்கிறார். இரண்டு இரவாக நித்திரை இல்லாத முகம் அது.

படித்தவனைப் பாமரர் மடக்கிய கதை என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொன்னதெல்லாம் புத்தகத்தில் உள்ளது, சரியானது. அவர் சொன்னதில் பாதி சுத்தப் பிழை. ஒரு புனிதரின் காலடியில் படுத்திருந்த சிங்கத்தைப் பட்டினி போட்ட நாய் என்று கடைசிவரை சாதித்தார். புறாவாக வரைந்திருந்த பரிசுத்த ஆவியை யாராவது தடி எடுத்துத் துரத்த வேண்டும், எச்சம் போட்டு ஓவியத்தைப் பழுதாக்கிவிடும் என்றார்.

மண்டையோட்டுக்குத்தான் கோபப்பட்டார். ஒரு துறவியின் மேசையில் வைத்து வரைந்திருந்தார்கள். "இது ஆர்?" என்று கேட்டார். யாருமில்லை, பொதுவாகச் சாவைக் குறிப்பது என்றேன். "ஆருமில்லாமல் எப்பிடித் தலை வரும்? ஒரு பேர்கூட இல்லாமலோ மேசையிலை வைச்சிருக்கிறாங்கள்?" என்று எழும்பி வெளியே போய்விட்டார். இன்னொரு கோயிலில் சிலுவைப்பாட்டுப் படம். சிலுவையின் அடியில் ஒரு மண்டையோடு. இதற்குப் பெயர் உண்டு அக்கா, இது ஆதாம், முதல் மனிதன், இரத்தம் சொட்டி அவர்மேல் விழுந்து அவருக்கும் மீட்பு வருகிறது என்று அவசரமாகச் சொன்னேன். எத்தனை வயதில் செத்தார் என்று கேட்டார். தொள்ளாயிரத்துக்கு மேல் என்றேன். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சரி. இருந்து அனுபவிச்ச ஆள்."

ஒரு தடவை அவரை வென்றுவிடலாம் என்று நினைத்து, தட்டில் வைத்த திருமுழுக்கு யோவானின் வெட்டிய தலைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். நெடுநேரம் பார்த்தார். கிட்டப் போனார். விரலை மூக்கடிக்குக் கொண்டுபோய், பாதி வழியில் இறக்கிக்கொண்டார். "ஓம். இவர் போயிட்டார்," என்று ஒப்புக்கொண்டார். எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை.

அன்றைக்கு வெளியே படியில் இருந்து சப்பாத்துப் போடும்போதுதான் கேட்டார்.

"வீட்டிலை எத்தினை மாசம்?"

உங்களுக்கு யார் சொன்னது என்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீர் பாக்கிற படம் எல்லாத்திலையும் பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டுத்தான் வெளியிலை வாறீர். அதான் கேட்டன்."

ஆறு என்று சொன்னேன். அவர் கைப்பையைத் திறந்து மூடினார். அடுத்த வியாழன் தொடக்கம் கோயில்களுக்குப் போவதை நிறுத்தி, என் மனைவிக்குச் சமைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். போகும்போது கதவடியில் நின்று, நல்லாய்ப் படுத்து நித்திரை கொள்ளும் பிள்ளை, நான் ஒன்றும் செய்யமாட்டன் என்று அவளுக்கு உறுதி கொடுத்துவிட்டுப் போவார். அவள் வெகுநாளைக்குப் பிறகு சிரித்ததை அப்போது பார்த்தேன்.

மகள் ஏழாம் மாதம் பிறந்தாள். அப்படியே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மனைவி சத்திரசிகிச்சையோடு காய்ச்சலும் சேர்ந்து வேறு மாடியில் கிடந்தாள். குறைமாதப் பிள்ளைகளின் பகுதிக்குத் தாயும் தகப்பனும் மட்டும்தான் போகலாம். ஆகவே நான் மட்டும் போனேன்.

போனேன் என்றா சொன்னேன். பெட்டிவரை போனேன், அவ்வளவுதான். கை கழுவி, பச்சை அங்கி போட்டு, உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, சுவரிலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்ப்பது எனக்குச் சுகமாக இருந்தது. பெட்டிக்குள்ளே பார்க்க முடியவில்லை. ஒரு தரம் பார்த்தேன். வெள்ளைத் துணி. ஒரு கை வழுகித் தொங்கியது. அந்தப் படத்தை எனக்குத் தெரியும். அதில் அடுத்தது என்ன என்பதையும் நான் கால்மணி நேரம் விளக்கியிருக்கிறேன்.

வெளியே நடைவழியில் கிடந்த வாங்குப் பலகையில் அக்கா சோற்றுப் பொதியோடு இருந்தார். வேலைக்கு லீவு போட்டிருந்தார். பிள்ளை எப்படி என்று கேட்டார். திரையில் இருந்த இலக்கங்களைச் சொன்னேன்.

"நான் பிள்ளையைக் கேட்டனான்."

பார்க்கேல்லை அக்கா என்று உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் வலது கையைப் பிடித்து, மற்ற விரல்களை மடக்கி, சுட்டுவிரலை மட்டும் நீட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பேனை பிடிக்கப் பழக்குவது மாதிரி.

"தொடக்கூடாது. கிட்ட வைச்சிட்டுச் சும்மா நில்லும். முதல்லை ஒண்டும் தெரியாது. உம்மடை கைதான் நடுங்கும். பேந்து தெரியும். மிசினைப் பாக்காதையும் தம்பி. மிசின் பிள்ளை வளத்ததோ?"

திரும்பி உள்ளே போனேன். பெட்டியின் பக்கத்தில் கை நுழைக்க வட்டமாக ஒரு கதவு இருந்தது. தாதி, விரும்பினால் கையை வைக்கலாம், மெதுவாக என்று சைகை காட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள். விரலைக் கொண்டுபோனேன். அவளுடைய மூக்கு என் நகத்தளவு. ஒன்றும் தெரியவில்லை. என் கைதான் நடுங்கியது, சொன்னது போலவே. கையை நிதானப்படுத்த முழங்கையைக் கொஞ்சம் ஊன்றினேன். அது எதிலோ பட்டது. பிள்ளை காலை உதறினாள்.

மிசின் அலறத் தொடங்கியது. திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு சமமாகப் படுத்துவிட்டது.

எனக்கு அடையாளங்களைப் படிக்கத் தெரியும். இதைவிடத் தெளிவான அடையாளம் எந்த ஓவியரும் வரைந்ததில்லை. ஓடிப்போயிருப்பேன். கை உள்ளே மாட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அப்படி நின்றபோதுதான், விரலின் மேல் ஏதோ பட்டது. காற்று என்றுகூடச் சொல்ல முடியாது. ஈரமாக, இளஞ்சூடாக, ஒரு தொடுகை. போனது. திரும்ப வந்தது. போனது. மிசின் அலறிக்கொண்டே இருந்தது. வந்தது. தாதி வந்து சேரும்வரை நான் கோட்டை நம்புவதா விரலை நம்புவதா என்று நின்றேன். நின்றேன் என்பது பெருமைக்குச் சொல்வது. விரலை எடுக்கப் பயந்து நின்றேன்.

தாதி ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, காலிலிருந்து கழன்றிருந்த வயரைத் திரும்ப ஒட்டினாள். கோடு எழும்பி ஏறி இறங்கத் தொடங்கியது. முழங்கையை வீட்டில் வைத்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டாள்.

நடைவழிக்கு வந்தேன். அக்கா வாங்கில் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்தபடி, சோற்றுப் பொதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் முறை. நான் குனிந்து சுட்டுவிரலை அவர் மூக்கடியில் பிடித்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நான் இருக்கிறன். அவள்?"

"இருக்கிறாள் அக்கா."

"ஓம். நீர் அழுது முடிச்சிட்டுச் சோத்தைச் சாப்பிடும்."

மகள் வீட்டுக்கு வந்த அன்று முதல் ஆளாக அக்கா வந்து நின்றார். பிள்ளையை வாங்கி, மூச்சுப் பார்த்து, தலையாட்டி, கைப்பையிலிருந்து மைச்சிமிழை எடுத்து இடது கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தார். கண்ணூறு படக்கூடாதாம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அதே கன்னம், அதே இடம், ஈ குந்தியிருந்த அளவு. இதைப் பற்றி மிக நல்ல வசனம் ஒன்று வாய்வரை வந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டேன்.

மகள் நடக்கத் தொடங்கியபின், நோர்வேயில் இருக்கிற அக்காவின் மகன் தன் பிள்ளைகளைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார். போகுமுன் அவரை ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீனவர் ஊருக்குக் கூட்டிப்போய்க் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையொன்றில் மீன் வாங்கிக் கொடுத்தோம். கடைக்காரர் ஐஸில் வைத்த மீனைக் கொண்டுவந்து காட்டி, காலையில் நீந்திக்கொண்டிருந்தது என்று தாய்மேல் ஆணையிட்டார். அக்கா செவுளை விரித்துப் பார்த்தார். "இவர் போய் ரெண்டு நாள்," என்றார். யோவானுக்குப் பிறகு, போய்விட்டதாக அக்கா ஒப்புக்கொண்டது அந்த மீனைத்தான்.

நோர்வேயிலிருந்து போன் எடுத்தால் முதல் கேள்வி, "அவள் மூச்சு விடுறாளோ?" பின்னால் மகள் தொலைக்காட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பாள். கேட்கிறதுதானே அக்கா என்போம். ஓம், ஓம், காணும் என்று வைத்துவிடுவார்.

போன மாரியில் அவருடைய மகன் எடுத்தார். அம்மா நித்திரையில் போய்விட்டா என்றார். காலையில் நித்திரை கொள்கிறா என்றே நினைத்து, தேத்தண்ணி ஆறும்வரை விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். படுத்திருந்தவரும் அவர்தான்.

செய்தி வந்த அந்த வாரத்து வியாழன் பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு கபோவுக்குப் போனேன். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. தமிழைச் சிசிலிக்காரர் ராகத்தில் இழுத்துக் கதைப்பாள். தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பப் போகும்போது, எழுப்புமுன் அவள் மூக்கடியில் நான் விரல் வைத்துப் பார்ப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று மட்டும் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்ல அதுதான் இடம் என்று தோன்றியது.

படம் அப்படியே இருந்தது. கன்னத்தில் ஈ இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். விரிவுரை, ஈ, அக்காவின் விரல், கண்ணாடிப் பெட்டி, அலறிய மிசின். இந்தப் பிள்ளை சாவின் அடையாளம் என்று நானும், நித்திரை என்று அக்காவும் எவ்வளவு காலம் வாதாடினோம் என்று சொன்னேன். அக்கா சொன்னதுதான் சரியென்று இப்போது நினைக்கிறேன், நித்திரைதான் என்று முடித்தேன். மகள் பீடத்தின் கீழே, என்னைவிடத் தாழ்ந்த இடத்தில் நின்று, அண்ணாந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மனம் கனத்துவிட்டது என்று நினைத்து அவள் தோளில் கை வைத்தேன்.

"அப்பா, இவர் நித்திரை இல்லை," என்றாள். "இஞ்சை கீழை நிண்டு பாருங்கோ, ஒரு கண் கொஞ்சம் திறந்திருக்கு. பள்ளிக்கூடம் போகப் பஞ்சியிலை நடிக்கிறார். நீங்கள் விரலைக் கொண்டு வரேக்குள்ளை நானும் இப்பிடித்தான்."